பொட்டல் வெளியில் ஒரு கல்வி நகர்

ஆற்றங்கரையில் நகர்கள் எழுவதுண்டு. துறைமுகத்தை ஒட்டியும், அரசன் கோட்டையைச் சூழ்ந்தும் எழுவதுண்டு. காரைக்குடிக்கோ ஆறில்லை, துறைமுகமில்லை, தலைநகராய் இருந்த பெருமையுமில்லை. மழையை நம்பிய கண்மாய்களும் செம்மண் பொட்டலுமே இம்மண்ணின் இயற்கைச் செல்வம். அத்தகைய ஊர் இன்று கல்லூரிகளாலும், ஒரு பல்கலைக் கழகத்தாலும், நடுவண் அரசின் ஆய்வகம் ஒன்றாலும் பெயர் பெற்று விளங்குகிறது என்றால், அது தானாக நிகழ்ந்ததன்று. தம் செல்வத்தை எங்கே, எதற்காகக் கொடுப்பது என்று ஆய்ந்து துணிந்த ஒரு மனிதரின் செயல் அது. அவரே வள்ளல் அழகப்பச் செட்டியார்.

இளமையும் கல்வியும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இராமநாதன் செட்டியார், உமையாள் ஆச்சி இணையருக்கு மகனாகப் பிறந்தார் அழகப்பர். காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கணக்கும் வட்டியும் அறிந்தால் போதும், இளம்பிள்ளையைக் கொண்டுவிற்கக் கடல் கடந்து அனுப்பிவிடலாம் என்பது அக்கால நகரத்தார் குடும்பங்களின் வழக்கம். அந்நாளில் இவ்வாறு உயர்கல்வியை நாடியது புதுமையே ஆகும். பின்னர் இலண்டன் சென்று வங்கித் தொழில் பயின்றார். சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றார்.

தாயகம் திரும்பியதும் தொழில்கள் பல தொடங்கினார். கேரளத்தில் திருச்சூர் அருகே இவர் நிறுவிய நூற்பாலை இருக்கும் ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. மலேயாவில் இரப்பர்த் தோட்டம், இங்கே காப்பீடு, விமானப் போக்குவரத்து எனத் துறைகள் விரிந்தன. எல்லாம் வென்றன என்பதற்கில்லை. விமான நிறுவனம் நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் நாற்பது வயதை எட்டுமுன்னரே பெருஞ்செல்வராய் விளங்கினார். ஆங்கில அரசு சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றதும் அதனைத் துறந்தார்.

செட்டிநாட்டின் சோதனை

அழகப்பரின் கொடையை உணர, அக்காலச் செட்டிநாட்டின் நிலையை நினைத்தல் வேண்டும். இங்குள்ள மாளிகைகளைத் தாங்கி நிற்பவை பர்மாத் தேக்குத் தூண்கள். தூண்கள் மட்டுமல்ல, அம்மாளிகைகளை எழுப்பிய பொருளும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தது. கணக்கேடுகளைச் சுமந்தபடி நடந்தே திரும்பியவர் பலர், திரும்பாதவரும் உண்டு. பர்மா விடுதலை பெற்றபின் நிலங்களும் கைவிட்டுப் போயின. வெளியூரில் சம்பாதித்து உள்ளூரில் வீடு கட்டி வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் அடித்தளமே ஆட்டங்கண்டது. இனி இவ்வூர் எதனைக் கொண்டு வாழும் என்பதே அன்று எழுந்த வினா.

கோயிலும் குளமும் சத்திரமும் அமைத்தல் செட்டிநாட்டார் கண்ட பழைய அறம். அழகப்பர் அந்த அறத்தின் கையைக் கல்வியின் பக்கம் திருப்பினார். சென்னையிலும் கொடுத்தார். கிண்டியில் 1944இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார்; அது இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஆயினும் பெருநகரத்துக்குக் கொடுத்ததைவிடத் தம் சிற்றூர்ப் பகுதிக்குக் கொடுத்ததே அவருடைய தனிச்சிறப்பு.

கல்லூரி பிறந்தது

1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் அன்னிபெசன்ட் அம்மையார் நூற்றாண்டு விழா நடைபெற்றது. செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அவ்விழாவில் வேண்டினார். அவையில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அப்போதே அறிவித்தார். ஆகஸ்டு 11ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு நான்கே நாள் முன்னர், கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்வரை காத்திராமல் காந்தி மாளிகையில் வகுப்புகள் நடந்தன. அதுவரை கல்லூரி செல்ல மதுரைக்கோ, புதுக்கோட்டைக்கோ, திருச்சிக்கோ புறப்பட வேண்டிய பிள்ளைகள், வீட்டில் உண்டு, நடந்தே கல்லூரிக்கு வரும் நிலை பிறந்தது. ஏழைக் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. படிப்பதற்கும் படிக்காமல் நிற்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடு அது. அன்று தொடங்கிய அக்கல்லூரியே இன்று நாம் பயிலும் இக்கல்லூரி.

ஆய்வகம் வந்த கதை

விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை நிறுவத் தொடங்கிய காலம் அது. இயற்பியலுக்குத் தில்லி, வேதியியலுக்குப் பூனா, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர், தோலுக்குச் சென்னை என்று பெருநகர்களும் தொழில்நகர்களும் தெரிவாயின. மின்வேதியியல் ஆய்வகமோ காரைக்குடிக்கு வந்தது. காரணம், அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலத்தையும் பதினைந்து இலட்சம் ரூபாயையும் முன்வைத்ததே ஆகும். 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளையொட்டி, டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அறிவியலாளர் இப்பொட்டலில் வந்து குடியேறினர்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950இலும், பொறியியற் கல்லூரி 1952இலும் எழுந்தன. தொழில்நுட்பப் பள்ளி, உடற்பயிற்சிக் கல்லூரி, சிறுவர் பள்ளி எனத் தொடர்ந்தன. குழந்தை எழுத்தறியும் பருவம் முதல் ஆராய்ச்சி வரை ஒரே ஊரில் அமைய வேண்டும் என்பதே இவ்வரிசை காட்டும் திட்டம். இன்று நகரமைப்பு வல்லுநர் ஏட்டில் எழுதுவதை அவர் அன்று நிலத்தில் எழுதினார். விடுதிகளும், உணவகங்களும், புத்தகக் கடைகளும், வேலைவாய்ப்புகளும் கல்லூரிகளின் பின்னே தாமே வந்தன.

மறைவும் தொடர்ச்சியும்

இத்தனையும் பத்தாண்டுக்குள் நிகழ்ந்தவை. அப்பத்தாண்டும் அவர் உடல்நலத்தோடு இருந்த காலமன்று. கொடிய நோய் உடலை வாட்டிக்கொண்டே இருந்தது. காலம் குறைவென்று அறிந்தவர் போலவே விரைந்து கொடுத்தார். 1956இல் பத்மபூஷண் விருது வந்தது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாம் பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்னர் மறைந்தார்.

தனியொருவர் செல்வத்தை நம்பிய நிறுவனம் அவருக்குப்பின் தளர்வது உலகியல்பு. இங்கு அவ்வாறு ஆகவில்லை. வள்ளல் நட்ட செடிக்கு அரசு வேலியிட்டு நீர் வார்த்தது. நம் கல்லூரி அரசுக் கல்லூரியாயிற்று. 1985இல் அவர் பெயராலேயே பல்கலைக் கழகம் மலர்ந்தது. அதே ஆண்டில் சிவகங்கை தனி மாவட்டமாயிற்று. 2024இல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்ந்தது.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி, அத்தேர் இன்றில்லை. அழகப்பர் ஈந்ததோ ஆண்டுதோறும் ஜூன் திங்களில் புதுமாணவர் உருவில் மீண்டும் தளிர்க்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர் நம்முள் எத்தனை பேர்! குறைந்த கட்டணத்தில், ஊரைவிட்டுப் போகாமல் நாம் பெறும் இக்கல்வி ஒருவர் செலுத்திய விலையால் வந்தது. பட்டம் பெற்றபின் வெளியூர் செல்வோம், அதில் தவறில்லை. செட்டிநாட்டார் என்றும் வெளியே சென்றவர்களே. ஈட்டியதில் ஒரு பங்கேனும் பிறந்த மண்ணுக்குத் திரும்புமா என்பதே நம்முன் அவர் விட்டுச்சென்ற வினா. அதற்கு நம் வாழ்வே விடையாகட்டும். வாழ்க வள்ளல் புகழ்!