டப்ளின் நகரத்துக் கூலியாள் மத்தேயு தால்பட்



வீடு மந்திரிக்கப் போகும் இடங்களில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பாவத்தை விட்டுவிட மனதிருக்கிறது, ஆனால் பழக்கம் விடுகிறதில்லை. அர்ச்சியசிஷ்டவர்களுக்கு அது கூடும், நம்மைப் போன்ற கூலிக்காரருக்கு எப்படிக் கூடும் என்கிறார்கள். இப்படிச் சொல்லுகிறவர்களுக்காகவே இந்த வாரம் ஒரு கூலிக்காரருடைய சரித்திரத்தை எழுதுகிறேன். அவர் குருவானவரல்ல, சந்நியாசியுமல்ல. அயர்லாந்து தேசத்து டப்ளின் பட்டணத்தில் மரக்கிடங்கு ஒன்றில் பலகை சுமந்து பிழைத்தவர். வாலிபத்தில் பெருங்குடியர். பேர் மத்தேயு தால்பட்.

1856-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி ஏழைக் குடும்பமொன்றில் பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தார். அந்தத் தேசத்தை உருக்குலைத்த பெரும் பஞ்சம் ஓய்ந்து பத்து வருஷங்கூட ஆகவில்லை. தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தவர். அவருக்கும் குடி உண்டு. தாயார் எலிசபெத் பக்தியுள்ளவள், பொறுமைசாலி. மத்தேயு பள்ளிக்கூடத்துக்குப் போனது கொஞ்ச காலந்தான். அதிலும் பாதி நாள் மட்டம் போட்டதாகப் பள்ளிப் பதிவேட்டிலேயே குறிப்பு உண்டு. பன்னிரண்டாம் வயதில், பீரைப் புட்டிகளில் அடைக்கும் கம்பெனியொன்றில் வேலைக்கு வைத்தார்கள். அங்கே வேலையாட்களைப் பார்த்து அவனும் குடிக்கப் பழகினான். பையன் போதையோடு வீட்டுக்கு வரக் கண்ட தகப்பனார் அவனை அடித்து, தம் கண்காணிப்பில் இருக்கட்டுமென்று துறைமுகத்துக்கே அழைத்துக்கொண்டு போனார். அங்கே அவனுக்குக் கிடைத்த வேலை விஸ்கிக் கிடங்கில்! பீருக்குத் தப்பியவன் விஸ்கியில் விழுந்தான்.

அப்புறம் கட்டட வேலையில் கொத்தனாருக்குச் சித்தாளாகச் செங்கல்லும் சாந்தும் சுமந்தார். நல்ல வேலைக்காரர், சோம்பல் கிடையாது. ஆனால் சனிக்கிழமை வாங்கிய கூலி அன்றைக்கே கடைக்காரன் பெட்டிக்குப் போய்விடும். கூலி போதாவிட்டால் காலிலிருந்த பூட்சை அடகு வைத்துக் குடித்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வருவார். ஒருநாள் இவரும் இவர் கூட்டாளிகளும், தெருவில் பிடில் வாசித்துப் பிச்சையெடுத்துப் பிழைத்த ஒருவனுடைய பிடிலைத் திருடி, விற்றுக் குடித்துவிட்டார்கள். இந்தப் பிடிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் அவரிடம் எஞ்சியிருந்த வேதம் எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டதில்லை, அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்துக்கும் தேவ நற்கருணைக்கும் போய்ச் சில வருஷங்களாகியிருந்தன. கோயிலின் கடைசி மூலையில் நின்று பூசை கண்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நாம் ஏளனமாய்ப் பேசுவதுண்டு. அந்த மெல்லிய நூலொன்று அறாமலிருந்ததை ஆண்டவர் பிற்பாடு பிடித்துக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன்.

1884-ம் வருஷம். மத்தேயுவுக்கு வயது இருபத்தெட்டு. ஒரு வாரமாக வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. சனிக்கிழமை, மற்றவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வரும் வேளையில், தம்பி பிலிப்புடன் சாராயக்கடைக்குச் சமீபத்தில் ஒரு பாலத்தருகே போய் நின்றுகொண்டார். தம் கையில் காசிருந்த நாட்களில் அவர் எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்தவர். ஆகையால் யாராவது ஒருவன் உள்ளே கூப்பிடுவான் என்று நிச்சயமாய் நம்பினார். ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள், சுகம் விசாரித்தார்கள், கடைக்குள் போனார்கள். வா என்று ஒருவனும் கூப்பிடவில்லை. மத்தேயுவின் நெஞ்சில் அது முள்ளாய்த் தைத்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவமானம் எல்லோருக்கும் வருகிறது. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதிலேயே ஆத்துமத்தின் கதி இருக்கிறது. மத்தேயு வேறு விதமாயும் நடந்திருக்கலாம். சிநேகிதரைச் சபித்திருக்கலாம், வீட்டில் தாயார் மேல் எரிந்து விழுந்திருக்கலாம், இன்னொரு பிடிலைத் தேடிப் போயிருக்கலாம். அன்று வந்தது உதவி வரப்பிரசாதம் என்பதை அவர் அப்போது அறிந்திருக்கமாட்டார். நாம் சர்வேசுரனுடைய வரப்பிரசாதத்தைப் பிரசங்கத்திலும் தியானத்திலும் எதிர்பார்த்திருக்கிறோம். அதுவோ சாராயக்கடை வாசலில், கூலியாட்களின் பாராமுகமாய் அவரிடம் வந்தது. வந்ததை அவர் தள்ளிவிடவில்லை.

சனிக்கிழமை அவ்வளவு சீக்கிரமாய், அதுவும் தெளிந்த புத்தியோடு, மகன் வந்ததைக் கண்டு தாயார் ஆச்சரியப்பட்டாள். சாப்பிட்டபின், குடிப்பதில்லையென்று பிரதிக்கினை செய்யப் போவதாக அவர் சொன்னார். தாயார் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. எத்தனை வாக்குறுதிகளைக் கேட்டவள் அவள்! காப்பாற்ற மனதில்லாவிட்டால் செய்யவேண்டாம் என்று எச்சரித்து, சர்வேசுரன் பேரால் போய்வரச் சொல்லி, அதைக் காப்பாற்றும் பலத்தை அவரே தரவேண்டுமென்று வேண்டிக்கொண்டாள். மத்தேயு நேரே கிளான்லிஃப் என்னுமிடத்திலிருந்த திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மூன்று மாதத்துக்கு மட்டும் பிரதிக்கினை எடுத்தார். மறுநாள் விடியுமுன், அர்ச். சவேரியார் கோயிலில் ஐந்து மணிப் பூசை கண்டு தேவ நற்கருணை உட்கொண்டார்.

ஏன் ஆயுள் முழுமைக்கும் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தம்முடைய பலம் எவ்வளவு என்று அவர் அறிந்திருந்தார். ஒரே நாளில் ஆகாயத்துக்கு ஏணி வைக்கிறவன் பெரும்பாலும் மறுநாளே விழுகிறான். மூன்று மாதமே அவருக்கு மலையாய் இருந்தது. நாட்கள் முடிந்ததும் மறுபடி குடிக்கத்தான் போகிறேன் என்று தாயாரிடமே சொன்னார். ஆனால் மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, பிறகு அது ஆயுள் முழுமைக்கும் ஆயிற்று. சாகும்வரை நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு துளியும் அவர் வாயில் படவில்லை.

இது எப்படி நடந்தது என்பதை வேதசாஸ்திரிகள் பெரிய நூல்களில் விவரிக்கிறார்கள். மத்தேயுவின் நடத்தையில் அது ஒரு சட்டைப்பை அளவு சிறிதாய்த் தெரிகிறது. ஆரம்ப நாட்களில் ஒரு மாலை, சோதனை தாங்காமல், கையிலிருந்த காசோடு ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டார். கடைப்பையனோ வேலை மும்முரத்தில் இவரைக் கவனிக்கவேயில்லை. சிறிது நேரம் நின்று பார்த்தார், வெளியேறினார், சேசு சபையாரின் கோயிலுக்குப் போய் அது சாத்தப்படும் வரையில் அங்கேயே இருந்தார். அன்று முதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதை விட்டுவிட்டார். பாவ சமயத்தை விலக்குவது என்று நாம் ஞானோபதேசத்தில் படிக்கிறோமே, அது இதுதான். தம் மன உறுதியை அவர் நம்பவில்லை; வெறும் பையை நம்பினார். வேலை முடிந்ததும் பழைய கூட்டாளிகள் போகும் வழியை விட்டு, வேறு வழியாய்க் கோயிலுக்குப் போனார். அங்கே முழங்காலில் இருந்தபோது அவருக்கு ஞானக்காட்சி ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை. கடை திறந்திருக்கும் நேரம் கழியவேண்டும், அவ்வளவுதான். பரவசமில்லாத அந்தச் செபமும் ஆண்டவருக்கு ஏற்றதாயிருந்தது.

ஒரு பாவத்தை விட்டவர் மற்றவைகளையும் தேட ஆரம்பித்தார். வாய்திறந்தால் வசைச்சொல் வரும் பழக்கம் இருந்தது. சட்டைக் கையில் இரண்டு ஊசிகளைச் சிலுவையாகக் குத்திவைத்து, அதைப் பார்க்கும்போதெல்லாம் நாவை அடக்கினார். புகையிலைக் குழாயையும் விட்டார். அது குடியை விடுவதிலும் கஷ்டமாயிருந்ததென்று பிற்காலத்தில் சொன்னார்.

இனிப் பிடிலுக்கு வருவோம். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் போக்கப்பட்டது. ஆனால் பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போய்விடவில்லையே. மத்தேயு சிறிது சிறிதாகக் கூலியை மிச்சம் பிடித்து, கடன் வைத்த கடைகளுக்கெல்லாம் போய்த் தீர்த்தார். பிடில்காரனை மட்டும் காணோம். டப்ளின் பட்டணம் முழுவதும், தர்ம ஆஸ்பத்திரிகளிலும் அநாதை விடுதிகளிலும் தேடினார். அந்த மனிதன் அகப்படவேயில்லை. கடைசியில், அவனுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை அவன் ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பூசைகளுக்குக் கொடுத்தார். ஒரு பிச்சைக்காரனுக்குச் செய்த அநியாயத்தை வருஷக்கணக்காய் நெஞ்சில் சுமந்தவரைப் பற்றி வாசிக்கும்போது, எல்லைக்கல்லைச் சற்றே நகர்த்தி நட்டுவிட்டு எட்டு நாளைக்கொருமுறை நன்மை வாங்குகிற நம்மவரில் சிலரை நினைத்துக்கொள்கிறேன்.

1890-ல் அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மரக்கிடங்கு வேலையும் அந்தக் காலத்திலேயே தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து செபிப்பார். படுக்கை ஒரு பலகை, தலையணை ஒரு மரக்கட்டை. தகப்பனார் 1899-ல் இறந்தபின் தாயார் இவருடன் வந்து தங்கினாள். ஒரு காலத்தில் நடுநிசி வரையில் குடிகார மகனுக்காக விழித்திருந்தவள், இப்போது அதே மகன் நடுநிசியில் செபிப்பதைத் தூக்கத்தினிடையே கண்டாள். 1915-ல் அவள் இறந்தாள். இந்த ஒருசந்திகளையும் தபசையும் ஆத்தும குருவின் உத்தரவில்லாமல் ஒருவரும் கண்டு பாவிக்கவேண்டாம். மத்தேயுவும் குருவின் ஆலோசனையின் கீழ்த்தான் நடந்தார். எழுத்துக்கூட்டி வாசித்தவர் வேதாகமத்தையும் அர்ச். அகுஸ்தீன் தம் வாழ்வைப்பற்றி எழுதிய புத்தகத்தையும் வாசித்தார். விளங்காத இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குருக்களிடம் கேட்பார்.

இதனாலெல்லாம் அவர் மனிதரோடு ஒட்டாதவராகிவிட்டார் என்று எண்ணவேண்டாம். வேலை இடத்தில் சிரித்த முகத்தோடிருந்தார். யாராவது சேசுவின் திருநாமத்தை வீணாய்ச் சொன்னால் வாதாடமாட்டார். தொப்பியைக் கையிலெடுத்து வணங்குவார். 1913-ல் டப்ளின் முதலாளிகள் தொழிலாளரை வெளியே தள்ளிக் கதவடைத்தபோது, சங்கத்தைச் சேர்ந்த மற்றவர்களோடு இவரும் வெளியே நின்றார். பிள்ளைகுட்டிக்காரருக்கு அந்தக் கூலி போதாது என்பது அவருடைய எண்ணம். சங்கம் கொடுத்த உதவிப்பணத்தை, உழைக்காமல் வந்ததென்று வாங்கத் தயங்கி, குடும்பஸ்தருக்குக் கொடுத்துவிட்டார். கூலியிலும் தம் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கும் சீன தேசத்து வேதபோதகத்துக்கும் அனுப்பினார். இவை ஏதும் வெளியே தெரியாது.

1923 முதல் இருதய வியாதியும் மூத்திரக்காய் வியாதியும் அவரை வாட்டின. ஆஸ்பத்திரியில் கிடந்தார், கொஞ்சம் தேறினார், மறுபடி வேலைக்குப் போனார். 1925-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி, அர்ச். தமதிரித்துவத்தின் திருநாள். ஒரு பூசை கண்டுவிட்டு, அர்ச். சாமிநாதர் சபையாரின் கோயிலில் இன்னொரு பூசை காணப் போகும் வழியில், கிரான்பி என்ற சந்தில் விழுந்து மரித்தார். வயது அறுபத்தொன்பது. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் அவர் இன்னாரென்று தெரியவில்லை. பிரேதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடைகளைக் களைந்தபோது, உடலில் சங்கிலிகள் கட்டியிருக்கக் கண்டார்கள். அடுத்த நாள் அவருடைய சகோதரி வந்து அடையாளம் சொன்னாள்.

சங்கிலிச் செய்தி பரவிற்று. அதனாலேயே உலகம் அவரை அறிந்தது. இன்றும் அவரைப்பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்லுவார்கள். அர்ச். லூயிஸ் மோன்போர் கற்பித்த பக்திமுறைப்படி, தேவமாதாவுக்கு அடிமையென்பதற்கு அடையாளமாக அவர் அவைகளை அணிந்திருந்தார். எனக்கோ, அவருடைய சங்கிலியைப் பார்க்கிலும் வெறும் சட்டைப்பையே பெரிய புதுமையாய்த் தோன்றுகிறது. குடியென்ற சங்கிலி கழன்றபிறகே மற்றச் சங்கிலி அவர்மேல் ஏறியது.

தேவ நற்கருணைத் திருநாளாகிய ஜூன் 11-ந் தேதி அவரை அடக்கஞ்செய்தார்கள். 1972-ல் அவருடைய எலும்புகளை, அவர் வாழ்ந்த ஏழைத் தெருக்களின் நடுவே இருக்கும் லூர்து மாதா கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1975-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். குடிக்கு அடிமையானவர்களும், அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் அந்தக் கல்லறையண்டையில் வந்து செபிக்கிறார்கள். 1978-ல் டப்ளின் பட்டணத்தார் லிஃபி நதியின் குறுக்கே ஒரு புதுப் பாலம் கட்டி, யாராவது வாங்கிக் கொடுக்கமாட்டார்களாவென்று ஒரு சனிக்கிழமை வேறொரு பாலத்தருகே நின்ற அந்தச் சித்தாளின் பேரை அதற்கு இட்டார்கள்.