சாலார் ஜங்: காலி கஜானாவோடு பதவியேற்ற 24 வயது திவான் ஊழலை எப்படிக் கட்டுப்படுத்தினார்?

சைனிக்புரியில் வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பொலாரம். 19-ம் நூற்றாண்டில் 'ஹைதராபாத் கன்டின்ஜென்ட்' படை தங்கியிருந்த இடம் அது. படைக்கு ஆங்கிலேய அதிகாரிகள், சம்பளமோ நிஜாமின் பணம். அந்த பாக்கி கடனாக ஏறி, 1853 மே மாதம் பேரார் பகுதியின் நிர்வாகமே கிழக்கிந்திய கம்பெனியிடம் போனது.

அடுத்த சில நாட்களில் திவான் சிராஜ்-உல்-முல்க் இறந்தார். அவருடைய சகோதரர் மகன் மீர் துராப் அலி கான் திவான் ஆனார். அவர்தான் முதலாம் சாலார் ஜங். (மியூசியத்தில் நாம பார்க்குற பொருட்களில் பெரும்பாலானவை அவரது பேரன் மூன்றாம் சாலார் ஜங் சேர்த்தவை.)

பணம் எங்கே போச்சு?

வரி வசூல் அப்போது குத்தகைக்கு விடப்பட்டது. தாலுக்தார் 'நஜராணா' கொடுத்துப் பதவியைப் பிடிப்பார். அரசுக்கு ஒப்புக்கொண்ட தொகை போக, மிச்சம் கறந்ததெல்லாம் அவருக்கு. பதவி எப்போ பறிபோகும்னு தெரியாது. அதற்குள் போட்ட காசை எடுக்கணும். சுமை விவசாயி தலையில் விழுந்தது. அரசோ சாகுகார்களிடமும் அரபுப் படைத் தலைவர்களிடமும் கடன் வாங்கி, மாவட்டங்களையே அடகு வைத்தது.

என்ன செய்தார்?

முதலில் அடகு வைத்த மாவட்டங்களை மீட்டார். குத்தகைதாரர்களுக்குப் பதில் சம்பளம் வாங்கும் அதிகாரிகளை நியமித்தார். 1865-ல் 'ஜில்லாபந்தி' மூலம் மாவட்ட நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். நீதிமன்றம், போலீஸ், கல்வி, பொதுப்பணி என்று துறைகள் உருவாகின. 1850-களில் தாருல் உலூம் பள்ளி தொடங்கியது. 1874-ல் ரயில் வந்தது. இதற்கிடையே, 1859-லும் 1868-லும் கொலை முயற்சிகளில் இருந்து தப்பினார்.

முழுசா மாறிச்சா?

இல்லை. ஜாகீர்களும் நிஜாமின் சொந்த நிலங்களும் இந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே நின்றன. 1876-ல் இங்கிலாந்து வரை போயும் பேரார் திரும்பக் கிடைக்கவில்லை. 1883-ல் காலராவில் இறந்தார்.

இன்று ஏன் முக்கியம்?

ஐ.நா. 1990 முதல் வெளியிடும் மனிதவள மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அளக்கிறது. ஊழல் குறைவாகக் கருதப்படும் டென்மார்க், பின்லாந்து அதில் மேலே. ஊழல் மலிந்ததாகக் கருதப்படும் சோமாலியா, தெற்கு சூடான் கீழே. வறுமையும் ஊழலை வளர்க்கும் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பட்டியல் மட்டும் சொல்லிவிடாது. ஆனால் பணம் எந்த வழியில் கசிந்தது என்பதை அன்றைய ஹைதராபாத் காட்டுகிறது. லஞ்சம் கொடுத்து வாங்கிய பதவி, போட்ட காசை மக்களிடம்தான் வசூலிக்கும். பள்ளிக்கூடமாக வேண்டிய பணம் கஜானாவுக்கே வந்து சேராது.