எஃப்.ஏ.வில் 2 முறை ஃபெயில், கேம்பிரிட்ஜில் பட்டம்... ராமானுஜன் படிச்ச கதை தெரியுமா?

கணிதமேதை ராமானுஜன் காலேஜில் கோட்டை விட்டவர். அதுவும் ஒரு முறை அல்ல!

1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனசு ஒட்டவில்லை. மற்ற பாடங்களில் சறுக்க, உதவித்தொகை போச்சு. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே வில்லன், உடலியல் பாடம். 1906, 1907 என இரண்டு முறை எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. அது இன்றைய பிளஸ் 2 மாதிரி, தாண்டினால்தான் பி.ஏ.

டிகிரி இல்லை, கையில் காசும் இல்லை. பேப்பர் விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

1912-ல் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவன் என்பதை அதில் மறைக்கவில்லை. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகமே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது.

1914-ல் கப்பல் ஏறினார். 1916-ல் ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல் 32 வயதில் காலமானார்.

அந்த எஃப்.ஏ.வை மட்டும் கடைசி வரை பாஸ் பண்ணவில்லை.