டாம் ஸ்மித் (குதிரைப் பயிற்சியாளர்)

டாம் ஸ்மித் (1878 - 1957) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் ஆவார். சீபிஸ்கட் என்னும் குதிரையைப் பயிற்றுவித்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். மிகக் குறைவாகப் பேசும் இயல்புடையவர்.

சீபிஸ்கட்

ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த ஸ்மித், பின்னர் தொழிலதிபர் சார்ல்ஸ் ஹோவர்டிடம் பயிற்சியாளரானார். பல பந்தயங்களில் தோற்றிருந்த சீபிஸ்கட்டை, ஸ்மித்தின் பரிந்துரையின் பேரில் ஹோவர்ட் 1936 இல் 8,000 டாலருக்கு வாங்கினார். அமைதியிழந்திருந்த அக்குதிரைக்குத் துணையாகப் பம்ப்கின் என்ற சாதுவான குதிரையை ஸ்மித் உடன் தங்கவைத்தார்.

நவம்பர் 1, 1938 அன்று பிம்லிக்கோவில் வார் அட்மிரல் குதிரையுடன் நேரடிப் போட்டி நடைபெற்றது. தடுப்புக் கதவின்றி, மணியோசையுடன் தொடங்கும் பந்தயம் அது. விரைந்து புறப்படுவது வார் அட்மிரலின் வலிமை. எனவே, மணியோசை கேட்டதும் பாய்ந்தோட சீபிஸ்கட்டை ஸ்மித் பழக்கினார். தொடக்கத்திலேயே முந்திய சீபிஸ்கட், நான்கு குதிரை நீள இடைவெளியில் வென்றது. 1940 இல் சான்டா அனிட்டா பந்தயத்திலும் வென்று ஓய்வு பெற்றது.

தடையும் மீட்சியும்

எலிசபெத் ஆர்டனின் குதிரைகளை ஸ்மித் பயிற்றுவித்து வந்தபோது, 1945 இல் அவருடைய பணியாளர் ஒருவர் பந்தயத்திற்கு முன் ஒரு குதிரையின் மூக்கில் எபிட்ரின் மருந்தைத் தெளித்தது கண்டறியப்பட்டது. பயிற்சியாளர் என்ற முறையில் ஸ்மித்தே பொறுப்பாக்கப்பட்டு, ஓராண்டு தடை செய்யப்பட்டார். எனினும் ஆர்டன் அவரைக் கைவிடவில்லை. 1947 இல் அவர் பயிற்றுவித்த ஜெட் பைலட், கென்டக்கி டெர்பியை வென்றது.

ஸ்மித் 1957 இல் காலமானார். 2001 இல் அமெரிக்கக் குதிரைப் பந்தயப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.