தலையில் வார்த்த எண்ணெய்

நம் நாட்டில் மன்னனுக்கு முடிசூட்டும்போது புனித நீரால் முழுக்காட்டினர். பண்டைய இஸ்ரவேலரோ எண்ணெயைத் தலையில் வார்த்தனர். வெள்ளைப்போளம் 500 சேக்கல், இலவங்கப்பட்டை 500, கருவாப்பட்டை 250, வசம்பு 250. இவற்றை ஒலிவ எண்ணெயில் கூட்டிப் புனிதத் தைலம் செய்யும் முறையை யாத்திராகமம் நம் ஆய்வுக்கூடக் குறிப்பேடு போலவே அளவு பிசகாமல் கூறுகிறது. ஆசாரியருக்கும் வழிபாட்டுக் கூடாரத்துக்கும் உரிய தைலம் அது. தன் மேனிக்குப் பூச அதைச் செய்துகொள்பவன் தன் மக்களிடமிருந்தே விலக்கப்படுவான். விளக்கை எரிப்பதும், புண்ணை ஆற்றுவதும், வெயிலில் வறண்ட தோலைக் காப்பதும் எண்ணெயே. நீர் காய்ந்துவிடும், எண்ணெயோ ஊறி நிற்கும். இறைவன் ஒருவனைத் தன் பணிக்கெனப் பிரித்தெடுத்தான் என்பதற்கு அது அடையாளமாயிற்று.

அந்த எண்ணெயை மும்முறை பெற்றவன் தாவீது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் வெறும் கதைமாந்தனோ என்று ஐயுற்றோரும் உண்டு. 1993-இல் வட இஸ்ரேலில் தாண் என்னும் பழம்பதியைத் தோண்டியபோது கிடைத்த கல்வெட்டு ஒன்றில், தாவீதின் வீடு எனப் பொருள்படும் சொற்களை அறிஞர் பலர் படித்தனர். கல்வெட்டு கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டினது.

பெத்லகேம் ஊரில் ஈசாய் என்பவனுக்கு ஆண்மக்கள் எண்மர். முதல் அரசனாகிய சவுல் நெறி தவறியதால் வேறோர் அரசனைத் தேடி வந்தார் தீர்க்கதரிசி சாமுவேல். வாட்டசாட்டமான எழுவர் ஒவ்வொருவராக வந்து நின்றனர், எவரும் தேறவில்லை. ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டியை அழைத்துவரச் செய்து, கொம்பில் இருந்த தைலத்தை அவன் தலையில் வார்த்தார். பிறகு நடந்தது என்ன? அரியணையா? இல்லை. தாவீது மீண்டும் ஆடுகளிடமே சென்றான்!

எண்ணெய்க்கும் அரியணைக்கும் இடையில் ஆண்டுகள் பல ஓடின. கோலியாத்தை வீழ்த்திய புகழே அவனுக்குப் பகையாயிற்று. பொறாமை கொண்ட சவுல் 3,000 வீரரோடு அவனைக் காடும் மலையுமாக விரட்டினான். எங்கேதி வனாந்தரத்தில் ஒரு குகையின் உட்புறம் தாவீது ஒளிந்திருந்தான். அதே குகைக்குள் சவுல் தன்னந்தனியே நுழைந்தான். முடித்துவிடு என்று தோழர் தூண்டினர். தாவீது சவுலின் மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் நெஞ்சு அவனைச் சுட்டது. காரணம் என்ன? சவுலின் தலையிலும் அதே எண்ணெய் வார்க்கப்பட்டிருந்தது. தன்னைக் கொல்லத் துடிப்பவனே ஆயினும், இறைவன் தொட்ட தலையைத் தான் தொடலாகாது என்று நின்றான். கில்போவா மலைப்போரில் சவுல் மடிந்தபின், அவனைக் கொன்றவன் நானே என்று முடியைக் கொண்டுவந்த அமலேக்கியனுக்குக் கிடைத்தது பரிசன்று, மரண தண்டனை.

அதன்பின் எப்ரோனில் யூதா குலத்தார் தாவீதுக்கு இரண்டாம் முறை எண்ணெய் வார்த்தனர். ஏழரை ஆண்டு கழித்து இஸ்ரவேலின் எல்லாக் குலத்தாரும் கூடி மூன்றாம் முறை வார்த்தனர். எருசலேமைத் தலைநகராக்கினான். அவன் ஆட்சி மொத்தம் 40 ஆண்டு.

ஆனால், அடுத்தவன் தலையிலிருந்த எண்ணெய்க்கு அஞ்சியவன், தன் தலையில் இருந்ததை ஒரு நாள் மறந்தான். உரியா என்னும் போர்வீரனின் மனைவி பத்சேபாளைக் கவர்ந்தான். உரியாவைப் போர்முனையில் தனித்து விடச்செய்து மாளவைத்தான். அரசனைக் கேட்பவர் யார்? தீர்க்கதரிசி நாத்தான் கேட்டார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அந்தச் செல்வன் நீயே என்று முகத்துக்கு நேரே சுட்டினார். தாவீது குற்றத்தை ஒப்புக்கொண்டான். பத்சேபாள் பெற்ற மகவு இறந்தது. பின்னாளில் மகன் அப்சலோமே எதிர்த்து எழுந்தான். சவுலைத் தாவீதின் கையிலிருந்து காத்த எண்ணெய், தாவீதை நீதியிலிருந்து காக்கவில்லை. அதுவே அந்த எண்ணெயின் பெருமை என்பேன்.

முதுமையில், மகன் சாலொமோனுக்கு எண்ணெய் வார்க்குமாறு ஆணையிட்டான் தாவீது. கீகோன் ஊற்றருகே ஆசாரியன் சாதோக்கு, கூடாரத்திலிருந்து கொண்டுவந்த தைலத்தை வார்த்தான். கொம்பும் கூடாரத்துக்குரியது, எண்ணெயும் இறைவனுக்குரியது. தாவீது அதைச் சிலகாலம் தாங்கியவன், அவ்வளவே.

எண்ணெய் வார்க்கப்பட்டவன் என்பதற்கு எபிரேயச் சொல் மெசியா. அதன் கிரேக்க வடிவம் கிறிஸ்து. தாவீதின் வழியில் அத்தகைய ஒருவன் வருவான் என யூதர் காத்திருந்தனர். அவர் வந்துவிட்டார், அவரே இயேசு என்பது கிறித்தவர் நம்பிக்கை. அவர் தலையிலும் எண்ணெய் வார்க்கப்பட்டது. வார்த்தது தீர்க்கதரிசியோ ஆசாரியனோ அல்லர். பெத்தானியா ஊரில் ஒரு விருந்தின் நடுவே வந்த ஒரு பெண். அது முடிசூட்டுக்கு அன்று, தம் அடக்கத்துக்கே என்று அவர் பொருள் கொண்டார்.

நண்பர்களே! நாமும் விரைவில் பட்டம் பெறுவோம். பட்டம் கிடைத்த மறுநாளே அரியணை கிடைக்காது. ஆட்டு மந்தைக்குத் திரும்ப வேண்டியும் வரலாம். அது வெட்கமன்று. உயர்ந்தபின், நம்மைத் தட்டிக்கேட்க ஒரு நாத்தான் வரும்போது செவிசாய்க்க முடிகிறதா என்பதே தேர்வு.