படிப்புக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த மாணவி

ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி அம்மையாரின் பெயரை நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் விஞ்ஞானம் படிக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர் சிலரே. கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு அந்த வரவு செலவுதான் சுவையாகப் படுகிறது. ஆகவே அதையே சற்று விரித்து எழுதுகிறோம்.

அம்மையார் 1867 நவம்பர் 7ந் தேதி போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். தகப்பனார் பௌதிகமும் கணக்கும் போதித்த பள்ளி ஆசிரியர். தாயார் 1878ல் காச நோயால் காலமானார். அப்பொழுது வார்சா ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1883ல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தும், அவ்வூர்ச் சர்வகலாசாலையின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை.

பாரிஸுக்குப் போனால் படிக்கலாம். ஆனால் அக்காள் தங்கை இருவரையும் அனுப்ப வீட்டில் பணமில்லை. அக்காள் புரோனியா முதலில் போய் வைத்தியம் படிப்பது, தங்கை உழைத்துப் பணம் அனுப்புவது, பிறகு அக்காள் தங்கைக்கு உதவுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கூட்டு வியாபாரத்தில் பத்திரம் எழுதிய ஒப்பந்தங்களே முறிந்து போவதைப் பார்க்கிறோம். இது வாய்ச் சொல்லோடு நின்ற ஏற்பாடு. தங்கை 1886 முதல் மூன்றாண்டுக்கு மேல் ஒரு கிராமத்துக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். இரவில் பௌதிக நூல்களைத் தாமே படித்தார். கணக்குகளைத் தகப்பனார் தபால் மூலம் கற்றுக் கொடுத்தார்.

1891 நவம்பரில், தமது 24வது வயதில், ஸோர்போன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். முதலில் அக்காள் வீட்டில் தங்கினார். பின்பு கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியின் உச்சி அறைக்குப் போனார். மாதச் செலவுக்கு 40 ரூபிள். வாடகை, விறகு, கரி, புத்தகம், சாப்பாடு எல்லாம் அதற்குள். பல நாள் ரொட்டியும் தேநீருமே ஆகாரம். விளக்கெண்ணெய்ச் செலவும் குளிரும் மிச்சமாகட்டும் என்று இரவு பத்து மணி வரை பொது நூல் நிலையத்தில் உட்கார்ந்து படிப்பார். பிரெஞ்சு மொழியும் கணிதமும் தாம் நினைத்த அளவுக்குப் போதவில்லை என்று கண்டு, இரட்டிப்பு உழைப்புப் போட்டார். 1893ல் பௌதிகப் பட்டப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார்.

அத்தோடு கையிருப்புத் தீர்ந்தது. கணிதப் பட்டமும் வேண்டும் என்ற ஆசையோ தீரவில்லை. அவ்வேளையில் வார்சாவிலிருந்து 600 ரூபிள் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அவருடைய சிக்கனத்துக்கு அது 15 மாதச் செலவு! 1894ல் கணிதத்தில் இரண்டாவதாகத் தேறினார்.

பிறகு எஃகு வகைகளின் காந்த குணத்தை ஆராயும் வேலை ஒன்று கிடைத்தது. அதில் வந்த முதல் வருமானத்திலிருந்து 600 ரூபிளையும் சேர்த்து, உபகாரச் சம்பளம் தந்த நிதிக்கே அனுப்பிவிட்டார். யாரும் கேட்கவில்லை. அது கடனும் அல்ல. அந்தப் பணத்துக்காக இன்னொரு ஏழை மாணவி காத்திருப்பாள் என்பது அவர் எண்ணம். நிதியின் காரியதரிசி திகைத்துப் போனாராம். திகைக்க மாட்டாரா? படிப்பு நிதிக்கு நம்மில் பலரும் கொடுத்திருக்கிறோம். திரும்பி வந்த வரவு எந்தப் பேரேட்டில் ஏறியிருக்கிறது?

பின்னர் நடந்தவை பிரசித்தம். 1895ல் பியர் கியூரியை மணந்தார். 1898ல் பொலோனியம், ரேடியம் இரண்டையும் தம்பதிகள் அறிவித்தார்கள். ரேடியம் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் செல்வம் குவிந்திருக்கும். 1903ல் பௌதிகத்துக்கும் 1911ல் இரசாயனத்துக்கும் நோபல் பரிசு பெற்றார். கணவர் 1906 ஏப்ரலில் வண்டி விபத்தில் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவர் விட்ட பாடத்தை விட்ட இடத்திலிருந்தே அம்மையார் நடத்தத் தொடங்கினார். ஸோர்போனில் ஒரு பெண் போதித்தது அதுவே முதல் தடவை. ரேடியக் கதிர்களோடு நெடுங்காலம் பழகியதால் இரத்தம் கெட்டு, 1934 ஜூலை 4ந் தேதி காலமானார். அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் அக்கதிர் இன்னும் அடங்கவில்லை. பாரிஸில் அவற்றை ஈயப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள்.