வானின் எதிரொலியைத் தேடிய பேராசிரியர்

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. பகலில் மத்திய அலையில் திருநெல்வேலி நிலையம் தெளிவாகக் கேட்கும்; வேறெதுவும் அவ்வளவாகக் கேட்காது. இரவு உணவு முடிந்தபின் முள்ளைத் திருப்பினாலோ, எங்கெங்கோ உள்ள ஊர்களின் நிலையங்கள், புரியாத மொழிகளில், அலையலையாக எழுந்து அடங்கும். இது ஏன் என்று தந்தையாரிடம் கேட்டேன். இரவில் ஊர் அடங்கிவிடுவதால் என்றார். அந்த விடை சரியன்று என்பதைக் கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான் அறிந்தேன். பின்னர் அதே பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நானே கற்பித்தேன்.

சரியான விடை நம் தலைக்கு மேலே இருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. உயரத்துக்கு மேல், சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்னூட்டம் பெற்ற பகுதியே அயனி மண்டலம். பகலில் அதன் அடித்தட்டு மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அத்தட்டு கலைந்துபோக, மேலேயுள்ள அடுக்குகள் அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. நெடுந்தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலி நம் வீட்டுக்கு வருவது வான் வழியாகத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் இப்பாடத்தைத் தொடங்கும்போது இந்திய இயற்பியலாளர்களின் பெயர்களைச் சொல்லுமாறு மாணவர்களிடம் கேட்பேன். ராமன், போஸ், சாகா, பாபா, சந்திரசேகர் என்று வரிசை நீளும். இந்தப் பாடத்துக்கே உரியவரான சிசிர் குமார் மித்ராவின் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. நிலவில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னால் வியப்பார்கள். அவருடைய வாழ்க்கையை இங்கே நினைவுகூர்வது புகழ் பாடுவதற்காக மட்டுமன்று. அதில் இன்றைய நம் பல்கலைக்கழகங்களுக்கான ஒரு கேள்வி இருக்கிறது.

1890 அக்டோபர் 24 அன்று வங்காளத்தில் பிறந்தவர் மித்ரா. தந்தை ஆசிரியராக இருந்தவர். தாய் சரத்குமாரி, திருமணத்துக்குப் பிறகு கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, பாகல்பூரில் உள்ள மகளிர் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தியாவில் இது எத்துணை அரிய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை. மித்ராவின் இளமையிலேயே அண்ணன்மார் இருவர் இறந்தனர். தந்தை பக்கவாதத்தால் முடங்கினார். குடும்பச் சுமை முழுவதும் தாயின் தோள்களில் விழுந்தது. எஞ்சிய மகனை உள்ளூரிலேயே ஒரு வேலையில் அமர்த்தியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க முடியாது. ஆனால், அவர் மகனைக் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே 1912-இல் மித்ரா முதுநிலைப் பட்டம் பெற்றார்.

அதன்பின் பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராகச் சில ஆண்டுகளைக் கழித்தார். ஆய்வுக்கூட வசதி பெரிதாக இல்லாத கல்லூரிகள் அவை. 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரிக்கு இளம் ஆசிரியர்களைத் திரட்டிக்கொண்டிருந்த அசுதோஷ் முகர்ஜி, மித்ராவையும் அழைத்துக்கொண்டார். மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் அதே காலத்தில் அங்கே சேர்ந்தவர்கள். விரைவில் பேராசிரியராக வந்து சேர்ந்தார் நம் சி.வி. ராமன். அவருடைய குழுவில் ஒளியின் விளிம்பு விளைவை ஆராய்ந்த மித்ரா, 1919-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு பாரிஸ் சென்று, சார்ல்ஸ் ஃபாப்ரியிடம் நிறமாலை ஆய்வில் ஈடுபட்டு இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்திலும் சிறிது காலம் பணியாற்றினார். ஒளியியலில் அவருக்கு ஒரு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. ஆனால், நான்சி நகரில் காமில் குட்டோனின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றபோது அவரது பாதை மாறியது. அங்கே நடந்தது வானொலி வால்வுகளைப் பற்றிய ஆய்வு. அது அன்று புத்தம் புதிய துறை. இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் தனிப் பாடம் இல்லை.

மித்ரா அங்கிருந்தே அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். முதுநிலை இயற்பியலில் கம்பியில்லாத் தந்தியியலைப் பாடமாகச் சேர்க்க வேண்டும், அதற்கென ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பது அவரது கோரிக்கை. கோரியவர் முப்பத்து மூன்று வயதுகூட ஆகாத ஆசிரியர். துறையோ அவருக்கே புதியது. அசுதோஷ் முகர்ஜி இசைவு தந்தார். 1923-இல் நாடு திரும்பிய மித்ரா பேராசிரியராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டே முகர்ஜி காலமானார்; அவர் இசைந்த திட்டம் நிலைத்து நின்றது.

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து சோதனை ஒலிபரப்புகளும் நடந்தன. 1927-இல் கல்கத்தாவில் முறையான வானொலி நிலையம் தொடங்குவதற்கு முன்பே, அறிவியல் கல்லூரியின் அலைகள் நகரத்து ஆர்வலர்களின் கருவிகளை எட்டியிருந்தன. ஆனால், மித்ராவின் நாட்டம் அலைகள் சென்று முட்டித் திரும்பும் இடத்தின் மீதே இருந்தது.

1901-இல் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியது. நேர்கோட்டில் செல்லும் அலை பூமியின் வளைவைச் சுற்றி எப்படிச் சென்றது என்ற கேள்விக்கு, வானில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902-இல் விடை கூறினர். 1924-இல் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிறுவினார். ஆறே ஆண்டுகளில், 1930-இல், மித்ராவும் அவருடன் பணியாற்றிய ரக்ஷித்தும், ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்திலுள்ள ‘இ’ அடுக்குக்கான சோதனைச் சான்றை வங்காளத்து வானில் கண்டனர். பின்னர் 1932-33-இல் உலக நாடுகள் இணைந்து நடத்திய சர்வதேசத் துருவ ஆண்டு ஆய்விலும் கல்கத்தா ஆய்வுக்கூடம் பங்கேற்றது.

அவருடைய பங்களிப்புகளில் நம் தென்கோடியைத் தொடும் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சூரியன் உச்சியில் காயும் நிலநடுக்கோட்டுப் பகுதியில்தான் எலக்ட்ரான்கள் மிகுந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். உண்மை வேறு. பூமியின் காந்த நடுக்கோட்டின் மேல் அவை குறைந்தும், அதற்கு இருபுறமும் ஏறத்தாழ 15 பாகை தள்ளி மிகுந்தும் காணப்படுகின்றன. இந்த முரணை 1946-இல் ஆப்பிள்டன் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் மித்ரா அதற்கொரு விளக்கம் முன்வைத்தார். நடுக்கோட்டின் மேல் மிக உயரத்தில் உருவாகும் எலக்ட்ரான்கள், காந்தப் புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டு இருபுறமும் வழிந்து இறங்குகின்றன என்பதே அது. அவற்றை முதலில் மேலே உயர்த்துவது மின்புலம் என்பதைப் பின்வந்தோர் சேர்த்தனர். நீரூற்று மேலெழுந்து இருபக்கமும் விழுவதைப் போன்ற இந்நிகழ்வு இன்று ‘நீரூற்று விளைவு’ எனப்படுகிறது.

அந்த ஊற்று எழும் காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அது விழும் வடபுற வளையத்தின் அருகே கல்கத்தா அமைந்திருக்கிறது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வு மையம் நடத்துவதற்கும், தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் இந்தக் கோடே காரணம். ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் சமிக்ஞை இந்த எலக்ட்ரான்களைக் கடக்கும்போது தாமதமாகிறது; இடக் கணிப்பில் பிழை நேர்கிறது. விமானங்களுக்காக நம் நாடு அமைத்த ‘ககன்’ அமைப்பு திருத்த வேண்டிய பிழைகளுள் இது முதன்மையானது. மித்ரா இதை ஆராய்ந்தபோது வானில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. பயன் என்ன என்று அன்று கேட்டிருந்தால், அவரால் இந்த விடையைச் சொல்லியிருக்க முடியாது.

1947-இல் அவரது ‘தி அப்பர் அட்மாஸ்பியர்’ என்னும் பெருநூலைக் கல்கத்தாவின் ஆசியக் கழகம் வெளியிட்டது. மேல் வளிமண்டலத்தைப் பற்றி அதுவரை உலகெங்கும் சிதறிக் கிடந்த அறிவைத் தொகுத்து, ஆய்ந்து, ஒழுங்குபடுத்திய நூல் அது. 1952-இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது; ரஷிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. ஸ்புட்னிக் ஏவப்பட்ட 1957-க்கு முன்பே, விண்வெளிக்குச் செல்லவிருந்தோர் படிக்க வேண்டிய நூல் இந்திய நகரம் ஒன்றில் அச்சாகியிருந்தது.

1949-இல் அவரது முயற்சியால் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியல், மின்னணுவியலுக்கெனத் தனித் துறை உருவானது. ஊர் இரைச்சல் எட்டாத ஹரிங்கட்டாவில் அயனி மண்டல ஆய்வுக் களநிலையம் எழுந்தது. 1958-இல் லண்டன் ராயல் கழக உறுப்பினர், 1962-இல் பத்மபூஷண் ஆகிய சிறப்புகள் வந்தன. 1963 ஆகஸ்ட் 13 அன்று அவர் மறைந்தார். மூன்றே மாதங்களில், நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அது சென்றது அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த மேல் வளிமண்டலத்துக்கே. அவருடைய மாணவர் ஏ.பி. மித்ரா பின்னாளில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக உயர்ந்து அத்துறையை வளர்த்தார்.

இவ்வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, என் மனம் அந்த ஒரு கடிதத்திலேயே நிற்கிறது. மித்ராவின் அறிவாற்றலில் ஐயமில்லை. ஆனால், அந்தக் கடிதத்துக்கு வேறு விதமான மறுமொழி வந்திருந்தால், அவர் ஒளியியலிலேயே நல்லதோர் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். ஒரு துறை பிறந்திராது. ஒரு மாணவர் பரம்பரை உருவாகியிராது.

நான் பணியாற்றிய காலத்தில் ஆய்வுக்கூடத்துக்கென ஒரு சிறு கருவி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் மேசைகளைக் கடந்து திரும்பி வருவதற்குள், அதைப் பயன்படுத்த வேண்டிய மாணவர்கள் படித்து முடித்துச் சென்றுவிடுவார்கள். உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தை நிரப்பாத விண்ணப்பம் முதல் மேசையைக்கூடத் தாண்டாது. இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இன்று அயல்நாட்டில் பயிலும் நம் இளம் ஆசிரியர் ஒருவர், இங்கே யாரும் கற்பிக்காத ஒரு துறையைத் தொடங்கலாம் என்று தம் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மறுமொழி வருமா? வந்தால், அது இசைவாக இருக்குமா? நம் உயர்கல்வியை நடத்துவோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அசுதோஷ் முகர்ஜி நூறாண்டுகளுக்கு முன், அடிமை நாட்டில், குறைந்த நிதியில், அதற்கு விடை தந்துவிட்டார்.